வில்லன்களுக்கும் பதினாறு வயதுதான்

பேவில் ஹைஸ்கூல் பிரின்சிபல் டார்க்ஹோம் மேடத்துக்கு ஈடான வில்லி சூப்பர் ஹீரோ உலகத்தில் இன்னொருத்தி கிடையாது. எரிமலைக்குள் கோட்டை இல்லை. விண்வெளிக் கப்பல் இல்லை. உலகத்தை ஆளப்போகிறேன் என்று வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கமும் இல்லை. அந்த அம்மாவிடம் இருப்பதெல்லாம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பள்ளிப் பிள்ளைகளின் கோப்புகள். எந்தப் பிள்ளைக்குச் சேர்க்கை சரியில்லை, எது சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்கிறது, யாரைச் சீண்டினால் பற்றி எரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அறைக் கதவைச் சாத்தினால் தோல் நீலமாகும், கண் மஞ்சளாகும், மிஸ்டிக் எழுந்து நிற்பாள். நினைத்த உருவத்தை எடுக்கும் ஒரு மகாவில்லியைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துத் தலைமை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்தப் புண்ணியவானுக்குக் கோயில் கட்ட நான் தயார்!

பிறவியிலேயே அபூர்வ சக்தி வாய்த்த ‘மியூட்டன்ட்’ பிள்ளைகளின் கதையான ‘எக்ஸ்-மென்: எவல்யூஷன்’ என்ற அனிமேஷன் தொடரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். 2000 நவம்பரில் அமெரிக்காவின் கிட்ஸ் டபிள்யூபியில் தொடங்கி 2003 அக்டோபரில் முடிந்தது. நான்கு சீசன், 52 எபிசோடு. அதே 2000 ஜூலையில்தான் பிரையன் சிங்கரின் முதல் எக்ஸ்-மென் சினிமா வந்து, கறுப்புத் தோலுடையில் எல்லோரையும் உம்மென்று உலவவிட்டிருந்தது. அதற்கு முன் 1992இல் தொடங்கிய பழைய கார்ட்டூனில் சைக்ளாப்ஸ், ஜீன், ரோக் எல்லோரும் வளர்ந்த ஆட்கள். கட்டுமஸ்தான உடம்பு, கணீரென்ற வசனம். இந்தத் தொடரோ அவர்களைப் பிடித்து ஹைஸ்கூல் பிள்ளைகளாக்கிவிட்டது. எக்ஸ்-மென் பக்கம் தொடக்கத்தில் லோகன், ஸ்டார்ம், பேராசிரியர் சேவியர் ஆகிய மூன்று பேர் மட்டும் பெரியவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் முகப்பரு வயது.

காமிக்ஸ் வெறியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. என் நண்பன் ஒருவன் இன்றைக்கும் இதை ‘எல்.கே.ஜி. எக்ஸ்-மென்’ என்றுதான் சொல்வான். அவனுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பதில் ஒன்றுண்டு: ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் எக்ஸ்-மென் முதல் இதழைப் போட்டபோதே அவர்கள் மாணவர்கள்தானே? சைக்ளாப்ஸ், ஜீன், பீஸ்ட், ஐஸ்மேன், ஏஞ்சல் என்று ஐந்து விடலைப் பிள்ளைகள், மொட்டைத்தலை வாத்தியாராகச் சேவியர். கதையே பள்ளிக்கூடக் கதை. பிறகு வந்தவர்கள் வயதைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான். அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1962இல், ஸ்பைடர்மேனும் கண்ணாடி போட்ட பள்ளிக்கூடப் பையனாகத்தான் அறிமுகமானான். ஆக, சூப்பர் ஹீரோவைப் பள்ளிக்கு அனுப்புவது புதுசு இல்லை.

வில்லனையும் அதே பள்ளிக்கு அனுப்பினார்களே, அதுதான் புதுசு. அங்கேதான் நான் விழுந்தேன்.

பழைய காமிக்ஸில் சேவியரின் பள்ளி ஊரைவிட்டு ஒதுங்கிய உறைவிடப் பள்ளி. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள், மதிலுக்கு வெளியே எதிரி. எவல்யூஷனில் சேவியரின் மாளிகை வெறும் தங்குமிடம். ராத்திரி அங்கே தூங்கி, விடியற்காலையில் டேஞ்சர் ரூம் என்ற பயிற்சி அறையில் லோகனிடம் வசவு வாங்கி, எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பேவில் ஹைஸ்கூல் என்ற சாதாரண அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும். ஊரின் இன்னொரு பக்கத்தில் பாழடைந்த வீடொன்றில், மிஸ்டிக் திரட்டிய பிரதர்ஹுட் என்ற வில்லன் கூட்டத்துப் பயல்கள் குடியிருக்கிறார்கள். அவர்களும் காலையில் அதே பள்ளிக்குத்தான் வருகிறார்கள். அதே லாக்கர், அதே கணக்கு டீச்சர், அதே கேன்டீன் வரிசை. முந்தின ராத்திரி ஒருவரையொருவர் சுவரோடு சேர்த்து அடித்துக்கொண்டவர்கள் மறுநாள் ஒரே வகுப்பில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். சண்டையை டீச்சர் முன்னால் போடவும் முடியாது, விடவும் முடியாது. இதைவிட நல்ல நாடகக் களம் யாருக்குக் கிடைக்கும்?

பிரதர்ஹுட்டின் டோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 காமிக்ஸில் அறிமுகமாகும்போது அவன் மேக்னீட்டோ என்ற பெரிய வில்லனின் காலடியில் கிடக்கும் எடுபிடி. குனிந்து கும்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. எவல்யூஷனில் அவன் பெயர் டாட் டொலன்ஸ்கி. குளிக்காத பயல். பக்கத்தில் வந்தாலே எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். முதுகு கூன், நீள நாக்கு, பசித்தால் ஈயைப் பிடித்துத் தின்கிறான். முதல் எபிசோடில் இவன் சேவியரின் மாளிகைக்குள் நுழைகிறான். உளவு பார்க்கச் சொல்லி அனுப்பியது டார்க்ஹோம். சேவியருக்கு அது தெரிந்தும் கதவைத் திறந்து வைக்கிறார், ஒருவேளை பையன் தங்கிவிடுவானோ என்று. தங்கவில்லை. எக்ஸ்-மென் மாணவன் கர்ட்டோடு கட்டிப்புரண்டு, டேஞ்சர் ரூமுக்குள் போய் விழுந்து, இயந்திரங்களிடம் உயிர் பிழைத்து, ஆளை விடுங்கள் சாமி என்று ஓடிவிடுகிறான். சிரிப்பாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு வாழ்க்கை திசைமாறிப் போகிறது. அன்றைக்கு அந்த அறைக்குள் விழாமல் இருந்திருந்தால் டோடும் எக்ஸ்-மென்தானே? முதல் எபிசோடிலேயே இந்தக் கேள்வியை நமக்குள் போட்டுவிட்டு, தொடர் பாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது.

பிளாப் கதை இன்னும் கொடுமை. காமிக்ஸில் அவன் அசைக்கவே முடியாத மலை, சர்க்கஸ்காரன், அடியாள். இங்கே அவன் ஃப்ரெட் டியூக்ஸ். மான்ஸ்டர் டிரக் கண்காட்சியில் வண்டியைத் தூக்கிக்காட்டிப் பிழைக்கும் குண்டுப் பையன். ‘மியூட்டன்ட் க்ரஷ்’ என்ற நான்காவது எபிசோடில் பேவில் பள்ளிக்கு வருகிறான். கேன்டீனில் பள்ளியே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவன் வெறிபிடித்து எழும்போது ஜீன் மட்டும் வந்து நல்லபடியாக நாலு வார்த்தை பேசுகிறாள். அவ்வளவுதான், பையன் காலி. தன்னிடம் முதன்முறையாக ஒரு பெண் சிரித்த முகத்தோடு பேசியதைக் காதல் என்றே முடிவுகட்டுகிறான். அவள் மறுத்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தப்புத்தான், பெரிய தப்பு. தொடரும் அதைத் தப்பென்றே சொல்கிறது. அவளை மீட்டாக வேண்டும், மீட்கிறார்கள். ஆனாலும் கேன்டீனில் சிரித்த அந்த மூஞ்சிகளை எனக்கு மறக்க முடியவில்லை. ஒரு வில்லனின் பூர்வகதையை ரசாயனத் தொட்டி, கதிர்வீச்சு, விண்கல் எதுவுமில்லாமல் ஒரு தட்டுச் சாப்பாட்டை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

லான்ஸ் ஆல்வர்ஸ் என்ற அவலாஞ்ச் எனக்கு எல்லோரையும் விடப் பிடித்தவன். தரையை ஆட்டுவான், நிலம் பிளக்கும். ஆனால் இந்தத் தொடரில் அவனுடைய நிஜமான பிரச்சினை கிட்டி. சுவரை ஊடுருவி நடக்கும் கிட்டி பிரைடும் அவனும் முதலில் சந்திப்பது இல்லினாய் மாநிலத்தில், அவளுடைய பழைய பள்ளியில். தன்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாளே என்று அவனுக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை அவன் காட்டும் விதம்தான் வேடிக்கை: வா, சுவருக்குள் புகுந்து பரீட்சை விடைகளைத் திருடுவோம்! அவள் சேவியர் பக்கம் போகிறாள், அவன் மிஸ்டிக் பக்கம் போகிறான். அதன்பிறகு நான்கு சீசனிலும் இவர்கள் சேர்வதும் பிரிவதும்தான். இரண்டாவது சீசனில் அவளுக்காகவே எக்ஸ்-மென்னில் சேர்ந்துபார்க்கிறான் பாவம். ஸ்காட், அதாவது சைக்ளாப்ஸ், அவனை ஒரு நிமிடம்கூட நம்பமாட்டேன் என்கிறான். வண்டி காணாமல் போனாலும் லான்ஸ்தான், எது உடைந்தாலும் லான்ஸ்தான். கடைசியில் தானே விலகிக்கொள்கிறான். பெயர் கெட்டவன் நல்லவனாக முயன்றால் பள்ளிக்கூடம் அவனை என்ன பாடுபடுத்தும் என்பதைப் படித்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கடைசி பெஞ்சுக்காரன் ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதிவந்தால் யாரைப் பார்த்து எழுதினாய் என்றுதானே கேட்பார்கள்?

(பிரதர்ஹுட்டின் இன்னொரு பயல் பியட்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓடுவான், அதைவிட வேகமாகப் பேசுவான், கண்ணாடியைப் பார்த்துத் தலைவாருவான். எல்லாப் பள்ளியிலும் ஒருவன் உண்டு.)

பியட்ரோவின் சகோதரி வாண்டா வேறு ரகம். மேக்னீட்டோவின் மகள். சக்தியைக் கட்டுப்படுத்தத் தெரியாத குழந்தையைப் பெற்ற தகப்பனே மனநல விடுதியில் அடைத்துவிட்டுப் போய்விட்டான். வளர்ந்து பெரியவளாகி வெளியே வரும்போது அவளுக்கு ஒரே குறிக்கோள், அப்பாவைத் தேடிப்பிடித்துக் கணக்குத் தீர்ப்பது. உலகை வெல்வதெல்லாம் அவள் பட்டியலிலேயே இல்லை. இந்த வாண்டாவை டோட் காதலிக்கிறான் என்பது தொடரின் நகைச்சுவைத் தடம். அவள் ஒவ்வொரு முறையும் அவனைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், அவன் ஒவ்வொரு முறையும் புன்னகையோடு எழுந்து வருகிறான். ஆனால் மூன்றாவது சீசனில் ஓர் எபிசோடு இருக்கிறது. மகளின் கோபத்துக்குப் பயந்த மேக்னீட்டோ, மாஸ்டர்மைண்ட் என்பவனை வைத்து அவளுடைய நினைவுகளையே மாற்றி எழுதிவிடுகிறான். விடுதி போச்சு, அழுத ராத்திரிகள் போச்சு, அன்பான அப்பா ஒருவர் நினைவில் முளைக்கிறார். கோபம் போய்விட்ட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கும்போது, எந்த நகரம் இடிந்து விழுந்தபோதும் வராத நடுக்கம் எனக்கு வந்தது. சிறுவர் கார்ட்டூன் என்று சொல்லிக்கொண்டு இப்படியெல்லாம் செய்யலாமா?

என் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நான் மறுபடி மறுபடி இந்தத் தொடரைப் போட்டுப் பார்க்கும்போது வந்து உட்கார்ந்துகொள்வாள். “சித்தப்பா, இவங்க வீட்ல பெரியவங்களே கிடையாதா?” என்று ஒருநாள் கேட்டாள், பிரதர்ஹுட் வீட்டைக் காட்டி. “யாரு சமைப்பா?” யாரும் சமைப்பதில்லை. மிஸ்டிக் வருவாள், திட்டுவாள், வேலை வாங்குவாள், மாதக்கணக்கில் காணாமல் போவாள். வீடு இடிந்து கிடக்கும், காசு இருக்காது. எதிரே சேவியரின் மாளிகையில் ஜெட் விமானம் உண்டு, நீச்சல்குளம் உண்டு, கெட்ட கனவு கண்டால் கேட்க ஒரு மனிதர் உண்டு. எக்ஸ்-மென்னுக்கும் பிரதர்ஹுட்டுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. யார் முதலில் வந்து கதவைத் தட்டினார்கள் என்பதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பெரியவர்களை வைத்துச் சொன்னால் நம்பமாட்டோம். முப்பத்தைந்து வயது ஆள் வங்கியைக் கொள்ளையடித்தால் அவன் திருடன். பதினாறு வயதுப் பயல் செய்தால், இவனைப் பெற்றவர்கள் எங்கே என்று மனம் முதலில் கேட்கிறது. வில்லன்களின் வயதைக் குறைத்ததால் நடந்த மாயம் இது. என் அண்ணன் மகள் இப்போது முழுமூச்சாக டோட் கட்சி!

இனி ரோக். மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

காமிக்ஸில் ரோக் 1981இல் வந்தாள், அதுவும் மிஸ்டிக்கின் கூட்டத்து வில்லியாக. இரண்டு வருடம் கழித்துத்தான் எக்ஸ்-மென்னிடம் அடைக்கலம் கேட்டு வந்தாள். 1992 தொடரில் அவள் மஞ்சள்-பச்சை உடையில் பறக்கும், மலையைப் பெயர்க்கும் பலசாலி. எவல்யூஷன் அந்தப் பலத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு சாபத்தை மட்டும் மிச்சம் வைத்தது: அவள் தோல் யார் மேல் பட்டாலும் அவர்களுடைய சக்தியும் நினைவுகளும் இவளுக்குள் வந்துவிடும், அவர்கள் சாய்ந்துவிடுவார்கள். மிசிசிப்பியில் ஒரு நடன விருந்து. ஒரு பையன் இவளோடு ஆட வருகிறான். தோல் படுகிறது. பையன் கீழே. அவன் நினைவுகள் இவள் தலைக்குள். தான் யாரென்றே தெரியாமல் இருட்டில் ஓடுகிறாள். அந்த நேரம் பார்த்து மிஸ்டிக் எக்ஸ்-மென் உருவில் வந்து பயமுறுத்தி, அவர்கள் உன்னைக் கொல்லத்தான் வருகிறார்கள் என்று நம்பவைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். பார்த்தீர்களா, மறுபடியும் அதே கதவு தட்டும் கதைதான்.

கறுப்பு உடை, ஊதா உதட்டுச் சாயம், முன்நெற்றியில் வெள்ளை முடி, கையுறை. பள்ளியில் பார்ப்பவர்களுக்கு இவள் ஒரு ‘காத்’ பெண், திமிர் பிடித்தவள், யாரையும் கிட்டே விடாதவள். கிட்டே விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத்தான் தெரியும். பதினாறு வயதில் யாரைப் பார்த்தாலும் கை பட்டுவிடுமோ, பட வேண்டுமே என்று இரண்டும் ஒன்றாகத் தோன்றும் பருவம் இருக்கிறதே, அந்தப் பருவத்தில் கொண்டுபோய் இந்தச் சாபத்தை வைத்தார்களே! ஸ்காட் மேல் அவளுக்கு ஆசை. ஸ்காட்டுக்கு ஜீன் மேல். ஜீனோ ஃபுட்பால் அணியின் டங்கன் மேத்யூஸோடு சுற்றுகிறாள். நான்கு பேரும் ஒரே நடைவழியில் லாக்கர் திறக்கிறார்கள். முதல் சீசனின் ஏழாவது எபிசோடில் பள்ளிச் சுற்றுலாவில், பனிமலையில், ஸ்காட்டும் ரோக்கும் மாட்டிக்கொள்கிறார்கள். மிஸ்டிக் சொன்னதெல்லாம் பொய் என்பது அங்கேதான் அவளுக்கு உறைக்கிறது, பக்கம் மாறுகிறாள். காமிக்ஸில் ஆண்டுக்கணக்கில் நடந்ததை ஐந்தே எபிசோடில் நடத்திக்காட்டி, ஒரு துளி அவசரமும் தெரியாமல் செய்திருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? இரண்டாவது சீசனில் ரோக்குக்கு ஒரு தோழி கிடைக்கிறாள், ரிஸ்டி. ஊதா முடி, இங்கிலாந்துப் பேச்சு, கலகலப்பு. பூட்டிவைத்த மனசை ரோக் முதன்முறையாக ஒருத்தியிடம் திறக்கிறாள். அந்த ரிஸ்டி யார் தெரியுமா? மிஸ்டிக்! பிரின்சிபல் நாற்காலி போனதும் மாணவியாகத் திரும்பி வந்து, தான் ஏமாற்றிய பெண்ணுக்கே உயிர்த்தோழியாகிவிட்டாள். ரோக்குக்கு இது தெரியவரும் இடத்தை நான் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு நீங்களே திட்டுங்கள். எனக்கென்னவோ ரிஸ்டியாக இருந்த நேரத்தில் மிஸ்டிக்குக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. தொடர் அப்படி எங்கும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன்.

சின்னச் சின்ன மறுபிறப்புகளும் அள்ளிக்கொள்ளலாம். ஆர்கேட் என்றால் காமிக்ஸில் கொலைக்களப் பூங்கா கட்டி ஆட்களைச் சாகவிட்டு ரசிக்கும் பைத்தியக்காரக் கொலைகாரன். இங்கே அவன் வீடியோ கேம் பைத்தியம் பிடித்த பள்ளி மாணவன். மிஸ்டிக்கின் சூழ்ச்சியில் சேவியர் மாளிகையின் பாதுகாப்பு இயந்திரங்கள் அவன் கையில் கிடைக்க, அது புது கேம் என்றே நினைத்து எக்ஸ்-மென் பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி அடிக்கிறான். திரையில் ஓடுவது நிஜ மனிதர்கள் என்றே அவனுக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் ஒரு சொட்டும் இல்லாமல் ஒருவனை வில்லனாக்கிவிட்டார்கள். 2001 வாக்கில் இந்த யோசனை!

ஹீரோக்கள் பக்கம் கர்ட் வாக்னரைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீலத் தோல், வால், கூர்க்காது, இரண்டு விரல் பாதம். ஜெர்மனியிலிருந்து வரும் பையன். கையில் ஒரு கடிகாரம்; அதை முடுக்கினால் சாதாரணப் பையனின் உருவம் மேலே போர்த்திக்கொள்ளும். அந்த உருவம் போட்டதும் அவன் பள்ளியின் கோமாளி, அரட்டைக்காரன். உண்மை முகம் தெரிந்தால் எவளும் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்ற பயம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அமண்டா என்ற வகுப்புத் தோழிக்கு அவனுடைய நிஜத் தோற்றம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அதைத்தான் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லும் இடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். வயதுக்கு அழகில்லைதான்.

குறை இல்லையா? இருக்கிறது. முதல் சீசனின் சில எபிசோடுகள் சப்பென்று இருக்கும். ஸ்டார்மின் அக்கா மகனாக, தொடருக்கென்றே புதிதாக உருவாக்கிய ஸ்பைக் என்ற ஸ்கேட்போர்டு பையன் வரும்போதெல்லாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு பல்லிளிக்கும். அவனையும் மூன்றாவது சீசனில் சரிசெய்துவிட்டார்கள்: உடம்பிலிருந்து முள்ளாக எலும்பு துருத்துவதை அடக்க முடியாமல் போக, சாக்கடைக்கு அடியில் மறைந்து வாழும் மார்லாக்குகளோடு போய்ச் சேர்கிறான். பெண்கள் மட்டும் சேர்ந்து தோலுடை மாட்டிக்கொண்டு ஊர்க்காவல் செய்யும் ‘பேவில் சைரன்ஸ்’ எபிசோடைப் பலர் கிண்டல் செய்வார்கள். எனக்கு உயிர்! பின்னணியில் ஒரு பாட்டு வேறு ஓடும். கேலி செய்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது சீசனின் முடிவில்தான் தொடர் விசுவரூபம் எடுக்கிறது. நகரத்தின் நடுவே சென்டினல் என்னும் ராட்சத இயந்திரத்தோடு சண்டை, அதைத் தொலைக்காட்சி காட்டிவிடுகிறது. அதுவரை மறைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் ஊருக்கே தெரிந்துபோகிறது. வேறு சூப்பர் ஹீரோ கதையாக இருந்தால் ராணுவம், நாடாளுமன்றம் என்பதோடு நின்றுவிடும். இங்கே கூடவே இன்னொரு கேள்வி: திங்கட்கிழமை பள்ளிக்கு எப்படிப் போவது? போகிறார்கள். இவர்களைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நேற்றுவரை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் எழுந்து போகிறார்கள். டங்கன் மேத்யூஸின் காதல் ஒரே நாளில் வெறுப்பாகிறது. அதைவிட அழகு, இந்த இடத்தில் எக்ஸ்-மென்னும் பிரதர்ஹுட்டும் ஒரே தராசுத் தட்டில் ஏறிவிடுகிறார்கள். ஊருக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுதான். கேன்டீனில் ஃப்ரெட் வாங்கிய பார்வை இப்போது ஜீனுக்கும் கிடைக்கிறது.

நான்காவது சீசனில் பிரதர்ஹுட் பயல்கள் தற்செயலாகச் சிலரைக் காப்பாற்றி ஊர் மெச்சும் வீரர்களாகிவிடுகிறார்கள். கைதட்டல் ருசி விடுமா? விபத்துகளைத் தாங்களே உண்டாக்கிவிட்டு, தாங்களே ஓடிப்போய்க் காப்பாற்ற ஆரம்பிக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, யாராவது ஒருமுறை ‘சபாஷ்’ சொல்லியிருந்தால் போதும், இவர்கள் எப்போதோ திருந்தியிருப்பார்கள். கடைசிச் சண்டையில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இதைக் காமிக்ஸின் எச்சில் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். எக்ஸ்-23, அதாவது லாரா, பிறந்தது காமிக்ஸில் அல்ல, இந்தத் தொடரில்தான். 2003இல் கிரெய்க் கைலும் கிறிஸ்டோபர் யோஸ்டும் எழுதிய எபிசோடில் வுல்வரினின், அதாவது லோகனின், நகலாக, ஆயுதமாக வளர்க்கப்பட்ட சிறுமியாக வந்தாள். ராத்திரியில் மாளிகைக்குள் புகுந்து ஒவ்வொரு மாணவனாகச் சாய்த்துக்கொண்டே லோகனைத் தேடிப் போவாள். பள்ளி, தோழி, லாக்கர், காதல் குழப்பம் எதையும் பார்த்திராத ஒருத்தி, அதையெல்லாம் வைத்திருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குள் நடக்கிறாள். அடுத்த வருடம் காமிக்ஸ் அவளைச் சேர்த்துக்கொண்டது. 2017இல் ‘லோகன்’ படத்தில் டாஃப்னி கீன் நடித்து உலகத்தையே அழவைத்தது இந்தப் பெண்ணைத்தான். எல்.கே.ஜி. எக்ஸ்-மென் என்கிற என் நண்பன் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் துடைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொன்னேன்.

இந்த ருசி பிடித்துப்போய் இதே வகையில் எது வந்தாலும் தேடிப் பார்க்கிறேன். 2005இல் டிஸ்னி எடுத்த ‘ஸ்கை ஹை’ படத்தில் பள்ளியே ஆகாயத்தில் மிதக்கும்; முதல் நாளே சக்தியைச் சோதித்து ஹீரோ வகுப்பு, எடுபிடி வகுப்பு என்று பிரித்துவிடுவார்கள். எழுபதுகளின் வொண்டர் உமன் லிண்டா கார்ட்டர்தான் அங்கே பிரின்சிபல். சிறையிலிருக்கும் வில்லனின் மகன் வாரன் பீஸ் தனியாக உட்கார்ந்திருப்பான், அவனுக்காகவே படத்தைப் பார்க்கலாம். 2019இல் லாரன் ஃபாஸ்ட் செய்த ‘டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்’ தொடரில் பார்பரா கார்டனும் ஹார்லீன் குயின்செலும் உயிர்த்தோழிகள். ஒருத்தி பேட்கேர்ள், இன்னொருத்தி ஹார்லி குவின். முகமூடிக்குப் பின்னால் இருப்பது தன் தோழி என்று இருவருக்குமே தெரியாது. பகலில் சேர்ந்து சுற்றிவிட்டு ராத்திரியில் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் பிரமாதம். ஆனால் இரண்டும் சிரிக்கவைப்பதில்தான் குறி. பிரதர்ஹுட் வீட்டின் காலி ஃப்ரிட்ஜுக்கு ஈடாக எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஐம்பத்திரண்டு எபிசோடா என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் இருபது நிமிடச் சொச்சம்தான். முதல் நான்கையும் வரிசையாகப் பாருங்கள், டோட், லான்ஸ், ரோக், ஃப்ரெட் நான்கு பேரும் எப்படி அந்தப் பாழடைந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஸ்பைக் வரும் எபிசோடுகளில் பொறுமை போனால் தாண்டிக்கொள்ளுங்கள், பாவமில்லை. ஏழாவதை மட்டும் தாண்டாதீர்கள். இரண்டாவது சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளை ஒரே மூச்சில் பாருங்கள், நடுவில் நிறுத்தினால் தூக்கம் வராது. வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் யார் கட்சி என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.